தலைவர் வாங்கிய மூட்டை

வண்டியின் பின் சீட்டில் ஐம்பது கிலோ மூட்டை. வாசலில் மனைவி.

அவள் இந்த நேரத்தில் வீட்டில் இருக்கவே கூடாது. ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் காய் ஏற்றிப்போகும் வேனில் போயிருக்க வேண்டியவள். வேன் பஞ்சர் என்பது தலைவருக்கு எப்படித் தெரியும்?

"என்னங்க அது மூட்டை?"

மூட்டையைச் சுற்றி ஒரு பழைய போர்வை. அதற்கு மேல் கயிறு. கயிற்றுக்கு மேல் தலைவரின் கை.

"சிமெண்ட்."

"சிமெண்ட்டுக்கு எதுக்குப் போர்வை? குளிருதாமா அதுக்கு?"

"தூசி பறக்கும்ல."

"சரி, எதுக்கு இப்போ சிமெண்ட்?"

தலைவர் சுற்றிலும் பார்த்தார். வயல் ஓரத்தில் பம்ப் ரூம் தெரிந்தது. "பம்ப் ரூம்ல தரை பேந்து கிடக்குல்ல. பூசிரலாம்னு."

மனைவியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மூன்று வருஷமாக அந்தத் தரையைப் பற்றி அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "இப்பவாவது மண்டையில ஏறிச்சே! இருங்க, அண்ணனுக்குப் போன் போடுறேன். அது கொத்துக்கரண்டியை எடுத்துட்டு வந்துரும். இன்னைக்கே முடிச்சிரலாம்."

"ஐயோ, மச்சானுக்கு எதுக்குச் சிரமம்..."

அதற்குள் போன் போய்விட்டது.

தலைவர் கேட்டு வாங்கியது ரசாயன உரம். வேறு யாராவது வாங்கியிருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. தலைவர் வாங்கக் கூடாது. ஏனென்றால் அவர் இயற்கை உரக் குழுவின் தலைவர்.

குழுவில் பன்னிரண்டு குடும்பங்கள், மச்சான் குடும்பமும் சேர்த்து. எரு, மட்கிய குப்பை, மண்புழு உரம் மட்டும்தான் போடுவோம் என்று பன்னிரண்டு ஆண்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சான்றிதழ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இல்லை. பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஒருவர் வயலை மற்றவர் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம். ஒருவர் தப்பு செய்தாலும் பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழ் போய்விடும், அதோடு ஆஸ்பத்திரி ஆர்டரும் போய்விடும். அந்த ஆர்டரை நம்பித்தான் மச்சான் வேனே வாங்கியிருந்தார்.

தலைவர் பதவியும் அவர் கேட்டு வாங்கியதில்லை. முதல் கூட்டத்தில், "யாரு தலைவரா இருக்கீங்க?" என்று கேட்ட அதே நொடியில் அவர் முகத்துக்கு முன்னால் ஒரு கொசு வந்தது. கையைத் தூக்கினார். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மனைவியையும் மச்சானையும் தவிர அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசாயன உரத்தைத் திட்டி அவர் பேசாத கூட்டமும் இல்லை.

பேசிப் பேசி வந்து வயலைப் பார்த்தால் முட்டைக்கோஸ், சட்டைப் பட்டன் மாதிரி நின்றது. நாலு மாதமாக எருவைக் கொட்டியும் இலை வெளுத்துப் போயிருந்தது. தலைவர் பத்து நாள் பொறுத்தார். பதினோராவது நாள் உரக்கடையின் பின்கதவைத் தட்டினார்.

கடைக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வெளிய தெரிஞ்சா எனக்கு மானம் போகும், உங்களுக்குச் சான்றிதழ் போகும். உங்களுக்காக மட்டும்தான் தர்றேன் தலைவரே." மூட்டை தூக்குகிறவர் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு மூட்டையை வண்டியில் வைத்துக் கட்டினார். "பழைய மாதிரி வெள்ளையா இருக்காது," என்றாள் கடைக்காரம்மா. "இப்ப பழுப்புக் குருணையா வருது. புது வகை. பயந்துராதீங்க."

தலைவர் பயப்படவில்லை. அப்போது.

மச்சான் வருவதற்கு அரை மணி நேரம் இருந்தது. தலைவர் பம்ப் ரூமுக்கு ஓடினார். அங்கே காலி பெயின்ட் டப்பாக்கள் நாலு கிடந்தன. குருணையை அதில் கொட்டி மூடினார். சாக்கை மடித்து, வேறு இடம் தோன்றாமல், சட்டைக்குள் செருகிக்கொண்டார். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிஜமான சிமெண்ட் மூட்டை ஒன்றை வாங்கி வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, தொப்பை போட்டிருச்சு?" என்று கேட்டபடி மச்சான் கரண்டியோடு வந்தார்.

"உங்க தங்கச்சி சமையல், மச்சான்."

தரை பூசி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் மச்சான் இளைப்பாற உட்கார்ந்தது அந்த டப்பாக்களில் ஒன்றின் மேல். உட்கார்ந்தவர் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு மாப்பிள்ளை? கனமா இருக்கு."

"பெயின்ட்."

"என்ன கலர்?"

தலைவர் கண்ணுக்கு முதலில் பட்டது வயல். "பச்சை."

வாசலில் டீ டம்ளரோடு நின்ற மனைவி, "கதவுக்கா? அப்பாடா! அதுவும் துருப்பிடிச்சுக் கிடக்கு. அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அடிச்சிரலாமா?" என்றாள்.

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை. தலைவர் சனிக்கிழமை போய்ப் பச்சை பெயின்ட் வாங்கி வந்தார். அந்த வாரம் முடிந்தபோது பம்ப் ரூமுக்குப் புதுத் தரை, பச்சைக் கதவு. தெருவில் போகிறவர்கள் எல்லாம், "தலைவரே, தனிக்குடித்தனம் போறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போகட்டும். தலைவர் வேலையை முடித்துவிட்டார். அடியில் நாலு விரல் குருணை, மேலே எரு பரப்பிய கூடையைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் வயலுக்குப் போனார். யார் பார்த்தாலும் எருதான் தெரியும்.

"அளவா போடுங்க," என்றாள் மனைவி ஒருநாள்.

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதை?"

"எருவைத்தான். வேற எதைச் சொல்லப் போறேன்?"

மூன்றே வாரம். பட்டன் எல்லாம் பந்து ஆனது. பந்து எல்லாம் ஹெல்மெட் ஆனது. இலை கரும்பச்சையில் மினுமினுத்தது. தலைவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். குற்ற உணர்ச்சி இருந்ததுதான். ஆனால் சந்தோஷம் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது.

அன்று மாலையே குழுவே வரப்பில் வந்து நின்றது. அவர்கள் வயலில் இன்னும் பட்டன்தான்.

"தலைவரே, மறைக்காம சொல்லுங்க. என்ன போட்டீங்க?"

"எருதான்."

"நாங்களும் எருதானே போடுறோம்? எங்க எருவுக்கு மட்டும் என்ன கோவம்?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். "ஒரு கரைசல் இருக்கு," என்றார் தலைவர். வாய் திறந்துவிட்டால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. கூட்டத்தில் பேசிப் பழக்கம். "மீன் கழிவு ஒரு பங்கு. அழுகின பழம் ஒரு பங்கு. சர்க்கரை ஒரு பங்கு. டிரம்ல போட்டுத் தினமும் கலக்கணும்."

"எத்தனை தடவை?"

"இருநூறு. இடப்பக்கமா மட்டும்."

"வலப்பக்கமா சுத்தினா?"

"வேர் குழம்பிரும்."

இவ்வளவு கஷ்டம் என்றால் யாரும் செய்யமாட்டார்கள் என்று நினைத்தார். மறுநாள் மீன்கடையில் கழிவு தட்டுப்பாடு. மூன்றாம் நாள் பதினொரு வீட்டுப் பின்புறத்திலும் டிரம். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தெருப் பூனைகள் எல்லாம் வேலைவெட்டியை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டன.

"ஊருக்கே சொல்லிட்டு நம்ம வீட்டுல ஒண்ணு வைக்கலைன்னா நல்லாவா இருக்கும்?" என்று மனைவி தலைவருக்கும் ஒரு டிரம் உருட்டிவந்தாள். அவர் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, மூடியை இறுக்கித் திருகி, பம்ப் ரூமின் புதுத் தரையில் வைத்துவிட்டு மறந்துபோனார். வேலை செய்யாத ஒன்றை எதற்குக் கலக்க வேண்டும்?

அங்கேதான் அவருக்கு உலகம் புரியாமல் போனது. ஒரு மாதத்தில் பதினொரு வயலிலும் முட்டைக்கோஸ் ஹெல்மெட் அளவுக்கு வந்துவிட்டது!

"உங்க கரைசல் மாப்பிள்ளை... சும்மா சொல்லக் கூடாது," என்றார் மச்சான். என்னவோ கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"நிஜமாவா மச்சான்? அதுதான் காரணமா?"

"பின்ன வேற என்ன?" மச்சானுக்குக் கோபமே வந்துவிட்டது. "வேற என்ன இருக்கப் போகுது? சொல்லுங்க, வேற என்ன?"

தலைவர் அன்று முழுக்க யோசித்தார். வாய்க்கு வந்ததை உளறியது எப்படி வேலை செய்யும்? தான் அறியாமலே பெரிய விஞ்ஞானி ஆகிவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

செய்தி வேளாண்மை அலுவலகம் வரைக்கும் போனது. ஒரு பெண் அதிகாரி வந்தார். பன்னிரண்டு வயலையும் நடந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"அருமைங்க. இதை நாலு பேரு பார்க்கணும். அடுத்த செவ்வாய்க்கிழமை வெளியூர் விவசாயிங்க அம்பது பேரைக் கூட்டிட்டு வர்றேன். கரைசலை நீங்களே எல்லார் முன்னாடியும் திறந்து காட்டுங்க தலைவரே."

"சரிங்கம்மா."

"அன்னைக்கே பன்னிரண்டு வயல்லயும் மண்ணு, இலை ரெண்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பிரலாம். ரசாயனத் தடயம் இல்லைன்னு சீட்டு வந்துட்டா, ஆஸ்பத்திரி ஆர்டர் மூணு வருஷத்துக்கு உங்களுக்குத்தான்."

"இருந்தா?" என்று கேட்டது தலைவர் இல்லை, மச்சான்.

"இருந்தா சான்றிதழ் ரத்து," என்று சொல்லிவிட்டு அதிகாரி சிரித்தார். "உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கவலை?"

பன்னிரண்டு ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. மனைவி மாடியில் பூந்தொட்டிகள் வைத்திருந்தாள். டீத்தூளைத் தவிர வேறு எதையும் காணாத மண். அதை ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டு, 'நானே எடுத்து வெச்சிட்டேங்கம்மா' என்று அதிகாரி கையில் கொடுத்துவிட்டால் போதும். திங்கட்கிழமை மதியம் மாடி ஏறினார். ஐந்து தொட்டியில் நாலு ஏற்கெனவே காலி. செடிகள் வேரோடு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து மாடி மச்சானுடையது. அங்கே மச்சான் கையில் ஒரு பையோடு, வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன மச்சான்?"

"காத்து வாங்குறேன். நீங்க?"

"நானும்தான்."

இரண்டு பேரும் சிறிது நேரம் காற்று வாங்கினார்கள். மச்சான் கீழே இறங்கியதும் தலைவர் ஐந்தாவது தொட்டியையும் காலி செய்தார்.

செவ்வாய்க்கிழமை ஐம்பது பேர் வந்தார்கள். பம்ப் ரூமைப் பார்த்தே பாதிப் பேர் அசந்துவிட்டார்கள். "பம்புக்கே இப்படி ஒரு வீடா!" என்று ஒருவர் தரையைத் தடவிப் பார்த்தார். டிரம்மை வெளியே தூக்கி வைத்தார்கள். அதன் மூடி கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியிருந்தது.

மச்சான் கிட்டே வந்து காதில் கேட்டார். "மாப்பிள்ளை, தினமும் மூடியைத் தளர்த்திக் காத்தை வெளிய விட்டீங்கல்ல? இல்லேன்னா வெடிச்சிருமே."

"அப்படியா?"

"என்ன அப்படியாங்கிறீங்க? நாங்க கலக்கிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க கண்டுபிடிச்சவரு!"

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மூடியில் கை வைத்தார். அரைச் சுற்றுதான் திருப்பினார்.

பீரங்கிச் சத்தம். மூடி பச்சைக் கதவில் போய் மோதி விழுந்தது. ஆறு வாரத்து மீனும் பழமும் முதலில் வானத்துக்குப் போய், பிறகு நிதானமாக எல்லோர் மேலும் இறங்கின. வெளியூர்க்காரர்கள் ஓடினார்கள். பூனைகள் வந்தன. அதிகாரியின் கண்ணாடியில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வீரியம்!" என்றார்.

ஓடிய ஐம்பது பேரும் திரும்பி வந்து கைதட்டினார்கள்.

இதுதான் சமயம் என்று தலைவர் மண்பையை நீட்டினார். "நானே எடுத்து வெச்சிட்டேங்கம்மா." பக்கத்தில் மச்சானும் ஒரு பையை நீட்டினார். பின்னால் திரும்பிப் பார்த்தால் குழுவில் ஆளுக்கு ஒரு பை.

"அடடா, என்ன பொறுப்பு!" என்றார் அதிகாரி. "ஆனா விதிப்படி நான்தான் எடுக்கணும்." கூலிங் பெட்டியைத் திறந்து, கையுறை மாட்டி, வயலுக்குள் இறங்கிவிட்டார். தலைவர் வயலில்தான் முதலில்.

சீட்டு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த எட்டு நாளில் தலைவரின் பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை விழுந்தது. மச்சானின் வேனைப் பார்க்கும்போதெல்லாம் வேறு தெருவில் திரும்பிக்கொண்டார். வேனின் பக்கவாட்டில் 'இயற்கைக் காய்கறி' என்று மனைவிதான் பெயின்ட்டில் எழுதியிருந்தாள். பச்சை பெயின்ட் மிச்சம் இருந்ததாம்.

ஐந்தாம் நாள் அவளிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். "உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"கோவப்படக் கூடாது."

"மாடித் தொட்டி விஷயம்தானே? பார்த்தேன். செடியை எல்லாம் திரும்ப நட்டுட்டேன். சாப்பிடுங்க."

"அது இல்ல..."

"வேற எதுவா இருந்தாலும் சீட்டு வந்தப்புறம் பேசிக்கலாம். இன்னொரு கரண்டி போடவா?"

ஏழாம் நாள் மச்சான் வந்தார். இளைத்திருந்தார். "மாப்பிள்ளை, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். "மச்சான், எனக்கும் ஒரு விஷயம்..." என்றார் தலைவர். "நீங்க முதல்ல." "இல்ல, நீங்க பெரியவரு." அப்படியே மாறி மாறி மரியாதை கொடுத்துக்கொண்டு, கடைசியில் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

எட்டாம் நாள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். முன் வரிசையில் ஆண்கள், முகத்தில் ரத்தமே இல்லை. அவர்களுக்குப் பின்னால் அவரவர் மனைவிகள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாவம், ஒன்றும் தெரியாதவர்கள் என்று தலைவர் நினைத்துக்கொண்டார். தன்னால் பன்னிரண்டு வீடு கெடக் கூடாது. எல்லாப் பழியையும் தானே ஏற்றுக்கொண்டால் மற்ற பதினொரு பேரையாவது விட்டுவிடுவார்கள்.

அதிகாரி உறையைப் பிரித்தார். தலைவர் எழுந்தார்.

"அம்மா, படிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடுறேன். தப்பு என்..."

பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பொத்தென்று உட்கார்ந்தார். மனைவி அவர் காதுக்குள், "நன்றி எல்லாம் கடைசியில சொல்லிக்கலாம்," என்றாள்.

அதிகாரி படித்தார். "பன்னிரண்டு வயல். பன்னிரண்டு மண்ணு, பன்னிரண்டு இலை. ரசாயன உரத் தடயம், எதுலயும் இல்லை."

பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மச்சான் திடீரென்று அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் காலை தலைவருக்கு ஆனந்தமாகத்தான் இருந்தது, பல் தேய்க்கும் வரைக்கும். தேய்க்கும்போது யோசனை வந்தது. தன் கையால் போட்டது இலையில் எப்படி இல்லாமல் போகும்? ஆய்வுக்கூடத்தில் தப்பு நடந்திருக்கும். அடுத்த தடவை சரியாகப் பார்த்துவிட்டால்? இனிமேல் போடாமல் விட்டுவிடலாம். விட்டால் மறுபடி பட்டன். மூன்று வருஷ ஆர்டருக்குப் பட்டனையா அனுப்புவது?

வண்டியை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனார். பின்கதவு. கடைக்காரம்மா வெளியே போயிருந்தாள். மூட்டை தூக்குகிறவர் மட்டும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பெரிய ஊசியால் சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம்," என்றார் தலைவர் குரலைத் தாழ்த்தி. "எனக்குக் கொடுத்தீங்களே, அந்த மூட்டை. அது நல்ல சரக்குதானே? சோதனையில சிக்காத மாதிரி ஏதாவது புதுசா வந்திருக்கா?"

மூட்டை தூக்குகிறவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தலைவரைப் பார்த்தார். அவர் பேசி அன்றுதான் தலைவர் முதல்முறையாகக் கேட்டார்.

"அதுக்குள்ள இருக்குறது வெறும் கோழி எருக் குருணை தலைவரே. குழு ஆரம்பிச்ச அன்னைக்கே உங்க வீட்டம்மா மத்த வீட்டம்மாங்களையும் கூட்டிட்டு வந்து, 'எங்க ஆளுங்க எப்படியும் ஒருநாள் பின்கதவு வழியா வருவாங்க, வந்தா இதையே பழைய ரசாயன உரச் சாக்குல கட்டிக் கொடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பன்னிரண்டு பேரும் வந்துட்டீங்க."